மேஜர் எழுந்து வந்த நாள்

போன வாரம் முழுக்க மழை. கோயம்புத்தூரில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் மருமகளோடு நுழைந்தேன். எங்களுக்கு முன்னால் யாரோ நாயோடு இறங்கிப் போயிருக்கிறார்கள். நனைந்த நாயின் வாடை அப்படியே நின்றது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். எண்பதைத் தாண்டியவள் லிஃப்டுக்குள் இப்படி மூச்சு இழுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. நெஞ்சு அடைக்கிறதா என்று மருமகள் கேட்டாள். வாசனை பார்க்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கீழே புல்தரையில் அந்த நாய்க்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பனியன் போட்ட ஒரு பையன், கையில் சின்ன பிளாஸ்டிக் வில்லை. அதை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், நாய் உட்காரும், உடனே ஒரு பிஸ்கட். நான் நின்று பார்ப்பதைக் கண்டு அவனே விளக்கினான். நாயை அடிக்கவே கூடாதாம், ஒரு சத்தத்தைப் பழக்கிவிட்டால் போதுமாம், இது வெளிநாட்டு முறையாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். இந்த வெளிநாட்டு முறையைத் தென்காசியில் ஒரு மர டிப்போவின் பின்கட்டில் நான் செய்துகாட்டியபோது இவனுடைய அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.

எனக்கு நாய் வாடை தனியாக வராது. மரத்தூள் வாடையும் சேர்ந்துதான் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் பரமசிவம் அண்ணாச்சியின் டிப்போவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். செங்கோட்டைப் பக்கமிருந்து லாரி லாரியாய்த் தேக்கும் வேங்கையும் வந்து இறங்கும். வேங்கைத் தடியின் பட்டையில் வடிந்து நிற்கும் பிசின் ரத்தம் போலவே இருக்கும். சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்து யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று கத்தி, மொத்த டிப்போவையும் ஓடிவர வைத்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ரத்தம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் மலைமேல் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பக் கிளம்பினார். போகும்போது ஒரு அல்சேஷன் குட்டியையும் நாய் பழக்கும் புத்தகம் ஒன்றையும் அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்தார். புத்தகம் இங்கிலீஷ், அண்ணாச்சிக்கு அது வராது. ஆகவே நான் நாற்காலியில் உட்கார்ந்து படித்து அர்த்தம் சொல்ல வேண்டும், அவர் எதிரில் நின்று குட்டிக்கு உத்தரவு போட வேண்டும் என்று ஏற்பாடு.

நான் "ஸிட்" என்று படித்தேன். குட்டி என்னைப் பார்த்து உட்கார்ந்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு "சிட்டு" என்றார். குட்டி எழுந்து காதைச் சொறிந்தது. பத்து நாள் இப்படியே போனது. அண்ணாச்சிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. நீயே பழக்கு, பழகின பிறகு நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஜரை 'அது' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆபீஸ் திறக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். கூரைக்கு அடிக்கும் ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே வைத்துத் தாண்டப் பழக்கினேன். இரண்டு பக்கமும் வெட்டிய தார் டிரம்முக்குள் நுழைந்து வரப் பழக்கினேன். அடிமரத்தின் மேல் நீளப் பலகையைச் சாய்த்து அதில் ஏறி இறங்கப் பழக்கினேன். புத்தகத்து இங்கிலீஷ் ஒரு வாரத்தில் போய்விட்டது. இரி என்றால் உட்காருவான், கெட என்றால் படுப்பான். சொன்னதைச் செய்தால் பொரிகடலை. புத்தகத்தில் ஈரல் துண்டு என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஈரலுக்கு எங்கே போவேன்?

ஒரு நாள் சாரலில் நனைந்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. எரிச்சலில் கையை உதறினேன். கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பின்கட்டின் அந்தக் கோடியிலிருந்து அவன் ஓடி வந்து என் முன்னால் நின்றான். அன்று முதல் 'வா' என்ற சொல்லை விட்டுவிட்டேன். வளையல் குலுங்கினால் எங்கே இருந்தாலும் வருவான்.

அப்போதெல்லாம் குற்றாலத்தில் சீசன் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய்ப் போட்டி வைப்பார்கள். எஸ்டேட்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், சில பண்ணைக்காரர்கள் நாய்களோடு வருவார்கள். அருவியில் குளித்துத் தலை காயாத கூட்டம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கும். நடுவராக வந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். எங்கள் நாயின் பெயரைக் கேட்டதும் தன்னைவிடப் பெரிய பதவியாக இருக்கிறதே என்று சிரித்தார்.

மேஜரைக் களத்துக்குள் ஓட்டிக் காட்டியது அண்ணாச்சி. அப்படித்தான் ஊருக்குத் தெரியும். அவர் வாயால் உத்தரவு போடுவார். கயிற்றோரம் குடையோடு நின்ற நான் இடது கையால் சைகை காட்டுவேன். மேஜர் என் கையைப் பார்த்து எல்லாவற்றையும் செய்தான். கோப்பை கிடைத்தது. அதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக. மேடையில் கோப்பையை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி பேசினார்.

"இவன நானே தனியாப் பழக்குனேன். எங்க ஆபீஸ்ல டைப் அடிக்க ஒரு பிள்ள இருக்கு. அது கூப்பிட்டா இவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஆம்பளக் குரலுக்குத்தான் நாய் அடங்கும்."

கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளும் சிரித்தாள். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "இனிமே பின்கட்டுப் பக்கம் போகாத. கல்யாணமாகாத பிள்ள நாயோட குதிச்சிட்டு நிக்குன்னு நாலு பேரு பேசுதாவ" என்றார். அந்த நாலு பேரும் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவரே பழக்கினார், இடுப்பு பெல்ட்டால். என் மேசை ஜன்னலோரம் இருந்தது. கடிதத்தில் ஒரு வரி அடிப்பேன், பின்கட்டில் ஒரு அலறல் கேட்கும். அடுத்த வரி. இன்னொரு அலறல். ஒரு நாள் மேஜரின் காது நுனி கிழிந்திருந்தது. அன்று நான் அடித்த கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. பழி வாங்குவதென்று முடிவு செய்த பின் என் விரல்கள் அவ்வளவு நிதானமாக இருந்தன.

முதலில் வளையல்களைக் கழற்றினேன். காரணம் இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டு நாய் வந்து, வந்ததற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், நாளடைவில் அந்தச் சத்தம் செத்துப்போகும் என்று புத்தகத்தில் இருந்தது. தினமும் ஆபீசில் என் வளையல் குலுங்கி, என்னிடம் வர முடியாமல் அவன் தவித்தால் அந்தச் சத்தம் வீணாகிவிடும். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். அம்மாவிடம் டைப்ரைட்டரில் மாட்டுகிறது என்று சொன்னேன்.

"ஏட்டி, மூளிக் கையோட திரியாத. பாக்கவுக என்ன நெனைப்பாவ?" என்று அம்மா தினமும் சொல்வாள். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் என் வெறும் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனது. அந்த மாப்பிள்ளை தப்பித்தார் என்றே இப்போது நினைக்கிறேன். ஒரு நாய்க்காக ஒரு வருடம் வஞ்சம் வைத்திருப்பவளைக் கட்டிக்கொண்டு அவர் என்ன பாடுபட்டிருப்பாரோ.

மறு வருடச் சீசன் வந்தது. அந்த முறை அண்ணாச்சி தன் தகப்பனார் பெயரில் பெரிய கோப்பையாகக் கொடுத்திருந்தார். அதைத் தானே வாங்கிக்கொள்வது என்பது திட்டம். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தி வீட்டாரை ஆலங்குளத்திலிருந்து கார் வைத்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

நான் காலையிலேயே பஸ் ஏறிக் குற்றாலம் போய், கோயில் வாசல் கடையில் கைக்கு ஒரு டஜன் பச்சை வளையல் போட்டுக்கொண்டேன். குலுங்காமல் இருக்க இரண்டு கையிலும் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினேன். வளையல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேஜர் எல்லாவற்றையும் செய்தான். தாண்டினான், டிரம்மில் நுழைந்தான், பலகையில் ஏறி இறங்கினான். ஆனால் வால் கால்களுக்கு நடுவிலேயே இருந்தது. ஒவ்வொரு கட்டையைத் தாண்டிய பிறகும் அண்ணாச்சியின் இடுப்பைப் பார்த்தான். கடைசிப் பரீட்சை, அசையாமல் படுத்திருப்பது. ஏழு நாய்களை வரிசையாகப் படுக்கப்போட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொள்ள வேண்டும். மூன்று நிமிடம். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

நான் கைக்குட்டைகளை அவிழ்த்தேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் மேஜரைப் பற்றி நான் நினைக்கவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது அண்ணாச்சியின் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான் நினைத்தேன். கையை ஒரு தடவை உதறினேன்.

மேஜர் தலையைத் தூக்கினான். இன்னொரு தடவை உதறினேன். எழுந்தான். ஓடவில்லை. மற்ற நாய்களைத் தாண்டி, கேப்டனைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் குனிந்து, நேராக நடந்து வந்து நனைந்த தலையை என் வயிற்றில் முட்டி வைத்துக்கொண்டான்.

கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டு அண்ணாச்சி மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். அந்த முகத்தை இன்றைக்கும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கேப்டன் என்னிடம் வந்து, நாய் உன்னுடையதா என்று கேட்டார்.

"இல்ல சார், அண்ணாச்சி நாய். நான் டைப்பிஸ்ட். நான் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்காதுன்னு போன வருசம் இதே மேடையில அண்ணாச்சி சொன்னாவ" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முன்வரிசை வரைக்கும் கேட்டது.

கேப்டன் அண்ணாச்சியைப் பார்த்தார், மேஜரின் காதைப் பார்த்தார். செங்கோட்டைக்கு அப்பால் மலையாளத்தில் பெண்பிள்ளையைக் குட்டி என்பார்கள், அவரும் அந்தப் பக்கத்துக்காரர். "குட்டி, நீ ஒரு தடவ ஓட்டிக் காட்டு" என்றார். கோப்பைக்கு இல்லை, சும்மா.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். வாயைத் திறக்கவே இல்லை. கட்டை, டிரம், பலகை, மறுபடி கட்டை. மேஜரின் வால் மேலே நின்றது. முடிக்கும்போது கூட்டம் கை தட்டியது. கோப்பை ஒரு டாக்டரின் சின்ன நாய்க்குப் போனது. தன் தகப்பனார் பெயர் போட்ட கோப்பையை அண்ணாச்சியே சிரித்த முகத்தோடு தூக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். அதை எதிர்பார்த்தே போயிருந்தேன். நாயையாவது எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"நாயக் கேக்கியா?" என்றார் அண்ணாச்சி, குரலை உயர்த்தாமல். "அது இனி எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல."

பழி வாங்க அவருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மேஜரைச் சுந்தரபாண்டியபுரத்தில் அவருடைய தென்னந்தோப்புக்கு அனுப்பி, மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். தோப்பில் இருந்தது அவருடைய தங்கை கோமதியக்கா. கணவர் இறந்த பின் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னவரை, வேண்டாமென்று அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவர் அண்ணாச்சிதான்.

எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயந்து பயந்து தோப்புக்குப் போனேன். நான் யாரென்று சொன்னதும் கோமதியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அண்ணன் தோத்தான்னு கேட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு வேண்டியிருக்கல, அம்புட்டுச் சந்தோசம்" என்றார். "அவுத்துக் கூட்டிட்டுப் போ. பொழுது சாயதுக்குள்ள கொண்டாந்து கெட்டிரு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு தவறாமல் போனேன். தென்னை மட்டைகளைக் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்வேன். கோமதியக்கா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, கேப்டன் மாதிரியே மார்க் போடுவார். சாயங்காலம் நானே சங்கிலியை மாட்டிவிட்டு வர வேண்டும். மேஜர் கழுத்தை நீட்டித் தருவான். எனக்கு ஒரு நாள், சங்கிலிக்கு ஆறு நாள். நான் கையை உதறியதற்கான தண்டனையை அவன்தான் அனுபவித்தான். இதை நினைக்காமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனதில்லை. ஆனால் அண்ணாச்சி விஷயத்தில் என் மனம் ஒரு இம்மியும் இளகவில்லை. அவர் இறந்த செய்தி வந்த அன்று இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கு முன்பே எனக்குக் கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டேன். கல்யாணமான அடுத்த மழைக்காலத்தில் கோமதியக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மேஜர் போய்விட்டான், கடைசி மாதம் முழுக்க அவனைக் கட்டவே இல்லை, கிணற்றுக்குத் தெற்கே புதைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி மாதமாவது கட்டாமல் இருந்தாரே.

இரண்டு வருடத்துக்கு முன்பு பேத்தியோடு தென்காசிக்குப் போனேன். குற்றாலத்தில் நாய்ப் போட்டி நடந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. அப்படி ஒரு போட்டி நடந்ததென்று சொன்னால் லாட்ஜ்காரரே நம்பவில்லை. டிப்போ இல்லை. கேப்டன், கோமதியக்கா ஒருவரும் இல்லை. தோப்பை மனை போட்டு விற்றுவிட்டார்கள். கிணற்றை மூடிவிட்டதால் தெற்கு எது என்றே பிடிபடவில்லை. வரிசையாக நட்டிருந்த எல்லைக் கற்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஆட்டோ ஒரு தெருவுக்குள் திரும்பப் பார்த்தது. முனையில் பெயர்ப்பலகை இருந்தது. பரமசிவம் அண்ணாச்சியின் பெயரை அந்தத் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வழி வேண்டாம் என்றேன்.

"சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டர் கூட ஆவும் ஆச்சி" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆவட்டும்" என்றேன்.