முற்றவிட்ட முள்ளங்கி

ஈர மண்ணிலிருந்து முள்ளங்கியைப் பிடுங்கும்போது மூக்கில் ஏறுமே ஒரு காரநெடி, அது எனக்கு ஆகாது. இலைச் சுணை கையை அரித்ததையும், முள்ளங்கி சாம்பார் கொண்டுபோன நாட்களில் பள்ளியில் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்தியதையும் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுமளவுக்கு வெற்றிடம் கிடந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், தட்டச்சில் "ஹையர்" பாஸ் செய்திருந்த அம்மாவுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து வேலைக்கு "ஆர்டர்" வந்தது. இனி மாசாமாசம் முள்ளங்கிப் பத்தையாட்டம் சம்பளம் வரும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பொம்பளை ஆபீஸ் போனா அடுப்புல பூனைதான் தூங்கும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அம்மாவிடம் மட்டும் போகாதே என்று வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு மாலை என்னை மடியில் உட்காரவைத்து, பள்ளிவிட்டு வரும்போது வீடு பூட்டியிருந்தால் பரவாயில்லையா என்று கேட்டார். அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். "பாரு, கொழந்தையே சொல்லிட்டா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அடுத்த ஞாயிறு தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு மண்வெட்டியும் முள்ளங்கி விதைப் பொட்டலமும் வந்தன, அம்மாவுக்குப் "பொழுதுபோக". அம்மா கல் பொறுக்கி, மணல் கலந்து, கயிறு கட்டி, தட்டச்சு வரிகளைப் போல நேராக விதை ஊன்றினாள். நெருங்கி முளைத்ததை இடைவெளி விட்டுப் பிடுங்கிக் கலைத்துவிட்டாள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் வெள்ளைவெளேரென்று வந்து நின்றவற்றை அப்பா மஞ்சள் பையில் போட்டு மின்சார ரயிலில் ஆபீசுக்குக் கொண்டுபோய், எல்லாம் வீட்டம்மா கைராசி என்று பீற்றிக்கொண்டார்.

இரண்டாவது விதைப்பும் அப்படியேதான் வளர்ந்தது. ஆனால் அம்மா பறிக்கவில்லை. அப்பா ஞாபகப்படுத்தும்போதெல்லாம் ஆகட்டும் என்றாள். தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறாமல் ஊற்றினாள். தண்டு நீண்டு பூவும் வந்துவிட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் பிடுங்கி, சாம்பாரும் பொரியலும் செய்து பரிமாறினாள். வெறும் நாரும் சக்கையும் கசப்புமாக இருந்ததை அப்பா மென்று பார்த்துத் துப்பிவிட்டு, ஏன் முற்றவிட்டாய் என்று கேட்டார்.

"வீட்லதானே இருக்கேன், எங்க போயிடப் போறேன், பறிச்சிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. என் தட்டிலும் அதே துண்டுகளைத்தான் வைத்திருந்தாள். துப்பப் பயந்து விழுங்கினேன். அதன்பிறகு அந்த மண்ணில் அவள் எதையும் விதைக்கவில்லை.

இன்று அப்பா இல்லை. வீடு கைமாறி, தோட்டம் இருந்த இடத்தில் டைல்ஸ் போட்டு யாரோ கார் நிறுத்துகிறார்கள். அம்மா படித்த தட்டச்சு நிலையமும் மூடிப் பல வருடமாகிறது. நான் தினமும் வேலைக்குப் போகிறேன். சேலையூர் ஃப்ளாட்டில் என் மகள் பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறப்பவள் அம்மாதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம், உன் வேலையைக் கெடுத்தவள் நான்தான் என்று இத்தனை வருடம் அடக்கிவைத்ததை அவளிடம் கொட்டிவிட்டேன். பேத்தியின் சீருடையை மடித்துக்கொண்டே, எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும், உன்மேல் எனக்குக் கோபமில்லை என்றாள். மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு வந்துதான் மற்றதைச் சொன்னாள்.

"உன்னைக் கேட்டாருடி. என்னைக் கேக்கவே இல்ல."