வடக்குக் கல்

மனிதன் கண்டுபிடித்த திருட்டுக் கருவிகளில் கன்னக்கோலுக்கு அடுத்தபடியாகச் சிறந்தது ஸ்டாப் வாட்ச். ஜீவமணி இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்கிறவன், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னான். பிறகு நடந்ததையும் தேதி, மணி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். சந்தேகப்படுகிறவர்கள் வாங்கிப் பார்க்கலாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் போகிற ரோடு, முள்ளக்காடு தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் கிடக்கும். போலீஸ்காரர்கள் வேகம் பிடிப்பது அங்கேதான். ஒரு பர்லாங் தூரத்துக்கு இரு முனையிலும் அடையாளம். கார் வடக்கு முனையைத் தாண்டும்போது ஒருவர் கைக்குட்டையை வீசுவார். தெற்கே, உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஏட்டு மாசானம் வாட்சை அமுக்குவார். பதினைந்து விநாடிக்குள் கார் வந்துவிட்டால் முப்பது மைலுக்கு மேல். அபராதம்.

ஜீவமணியின் அண்ணன் ஏசுவடியான் டாக்சி ஓட்டுகிறவர். பதினொரு விநாடியில் வந்துவிட்டார். இது மூன்றாம் தடவை. திங்கட்கிழமை கோர்ட்டில் ருசுவானால் லைசென்ஸ் போகும். வீட்டு உலையும் தம்பியின் காலேஜ் சம்பளமும் அந்த லைசென்ஸில்தான் இருந்தன.

காப்பிக் கடையில் மாசானம் அகப்பட்டார்.

"உடைமரத்தடியில சர்க்கார் ஒரு உண்டியல் வச்சிருக்கு. ஏட்டையா அதுக்குப் பூசாரி" என்றான் ஜீவமணி, கடை முழுக்கக் கேட்க.

"உயிரைக் காக்கத்தாம்லே வெயில்ல நிக்கோம்."

"எத்தனை உயிரைக் காத்திய? ரசீது உண்டுமா?"

மாசானத்தின் முகம் கறுத்தது. டம்ளரை வைத்தார்.

"பர்லாங்கே கள்ள பர்லாங். நான் அளந்து கோர்ட்ல சொல்லுதேன்" என்றான் ஜீவமணி.

"போய் அளலே. நல்ல உச்சியில போ. மூளை வேகட்டும்."

அந்த இடம் வந்ததும் வண்டியை ஊரவிட்டு, ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை வாய்விட்டு எண்ணுகிற டிரைவர்களையும் ஜீவமணி விட்டுவைக்கவில்லை. "ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்" என்று அவர்களுக்குப் பேர் வைத்திருந்தான்.

1946 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை.

சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் பனையோலைத் துண்டு ஒன்றைக் கட்டினான். சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஓலை ஒரு தரம் அடிக்கும். டக். ஒரு சுற்று ஏழடி நாலு அங்குலம். தொண்ணூறு சுற்று ஒரு பர்லாங்.

வடக்குக் கல்லில் தொடங்கினான். சுண்ணாம்பு அடித்து இடுப்பளவு நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணினான். தெற்குக் கல் வந்தது. மணி 11.52.

தொண்ணூறு.

சர்க்கார் யோக்கியமாக அளந்திருந்தது. அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. திரும்பி வடக்கே அளந்தான். 12.01. அறுபத்தாறு.

நடுரோட்டில் நின்று கணக்குப் போட்டான். அறுபத்தாறு சுற்றைப் பதினொரு விநாடியில் தாண்டினால் மணிக்குச் சரியாக முப்பது மைல். அண்ணன் பிழைத்தார்! முதல் தடவை எண்ணியதுதான் தப்பு. மறுபடி தெற்குக் கல்லுக்கு வந்து, உறுதிக்காக இன்னொரு தரம் வடக்கே அளந்தான்.

12.11. முப்பத்தொன்று.

அவனுக்கு இப்போது சந்தோஷம் வரவில்லை. தெற்குக் கல்லுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்தான். வெயில்தான் என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான். ஆள் நடமாட்டம் இல்லை. உப்பு வெள்ளை, வானம் வெள்ளை.

கடைசியாக ஒரே ஒரு தடவை...

டக். டக். டக்.

ஒன்பது.

சக்கரம் எதிலோ முட்டியது.

கல்.

மணி 12.18. சூரியன் உச்சந்தலைக்கு நேரே. சைக்கிளுக்கு நிழல் இல்லை. அவனுக்கும் இல்லை.

கல்லுக்கு இருந்தது.

நீளமாக... அவன் காலைத் தாண்டி... தெற்கே. நிழலில் ஒரு கை. கையில் ஒரு துணி.

துணி ஆடியது.

காற்று இல்லை.

டக்...

சக்கரம் சுற்றவில்லை.

டக்... டக்...

அவன் திரும்பிப் பார்க்காமல் தெற்கே மிதித்தான். ஆத்தூர் வரை.

திங்கட்கிழமை காலை, கோர்ட் வராந்தாவில் மாசானம் மறித்தார்.

"அளந்தியாலே?"

"வடக்குக் கல்லை யாரு நகத்துனது?"

"எந்த வடக்குக் கல்லு?"

"இடுப்பளவு... சுண்ணாம்பு அடிச்சது."

மாசானம் அவனை வராந்தா ஓரமாக இழுத்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"அது ஐப்பசியிலயே தூளாப் போச்சு. இப்ப அங்கன கொடி நட்டுல்லா அளக்கேன். நீ பாளையங்கோட்டையில கிடந்த, உனக்குத் தெரியாது. வேதமணின்னு நம்ம கான்ஸ்டபிள். கல்லுகிட்ட கைக்குட்டைய வீசிட்டு நின்னான். உப்பு லாரி கல்லோட சேத்து அடிச்சு, அவன இழுத்துட்டே போயிட்டு. தெற்குக் கல்லுக்கு இருபத்திரண்டு கெஜம் இருக்கையிலதான் உடம்பை விட்டுச்சு. அளந்து எழுதுனது நான்தான்."

இருபத்திரண்டு கெஜம், அறுபத்தாறு அடி. ஜீவமணி கணக்குப் போட வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனாலும் போட்டுவிட்டான்.

ஒன்பது சுற்று.

சாட்சிக் கூண்டில் நோட்டு அவன் கையில் இருந்தது. அறுபத்தாறு என்ற எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். அண்ணன் எதிரே நின்று அவன் வாயையே பார்த்தார்.

"எத்தனை சுற்று?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தொண்ணூறு."

ஆறு மாதம் லைசென்ஸ் பறிபோனது. அண்ணன் அவனோடு பேசுவதில்லை.

மே மாதம் ஒரு நாள் காலை, ஒரு வேலையாக ஜீவமணி காயல்பட்டினத்துக்குச் சைக்கிளில் போனான். உப்பளம் வந்தது. கொடி இல்லை, ஏட்டும் இல்லை. தூரத்தில் தெற்குக் கல் மட்டும்.

இறங்கினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்தான். உதடு அசைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...