பச்சிலைப் பற்றுக்குக் கீழே

காலையில் பேராசிரியர் முதுகெலும்பு ஸ்கேனைத் திரையில் போட்டு "என்ன டைப்?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். திருப்பதியில் எலும்பு மருத்துவ மேற்படிப்பு படித்த மூன்று வருடமும் என் வயிறு எரிந்ததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. அவள் குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண், என் பேட்ச்.

நடு முதுகு, கீழ் முதுகு முறிவுகளை மூன்றாகப் பிரிப்போம். எலும்பின் முன்பக்கம் நசுங்கியிருந்தால் ஏ. பின்னால் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்களும் அறுந்திருந்தால் பி. எலும்பே இடம்விட்டு நகர்ந்திருந்தால் சி. ஏ என்றால் பெரும்பாலும் பெல்ட் போட்டு உட்கார வைக்கலாம். பி-யை ஏ என்று நினைத்து உட்கார வைத்தால் கால் செயலிழந்து போய்விடலாம். வம்பு என்னவென்றால், படுக்க வைத்து எடுக்கும் ஸ்கேனில் பின்னால் நார் அறுந்த இடத்து இடைவெளி மூடிக்கொண்டு, பி-யும் சாதுவாக ஏ மாதிரி தெரியும். அதனால் முதுகை விரலால் தடவிப் பார்க்காமல் எழுதக் கூடாது.

ஒரு மாங்காய் சீசனில், சித்தூர்ப் பக்கத் தோப்பில் மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிச்சாட்டூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கால் இரண்டும் நன்றாக அசைந்தன. பதற்றத்தில் அவர் மனைவிக்குத் தெலுங்கு வரவில்லை, தமிழாகவே கொட்டினார். அதனால் கேஸ் தமிழ்க்காரனான எனக்கு வந்தது. உள்ளுக்குள் குதித்தேன்.

நான்கு பேராகச் சேர்ந்து அவரை உருட்டித் திருப்பினோம். முதுகு முழுக்கப் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போட்ட பற்று, ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

"அத்த எடுக்காத நைனா, நேத்துதான் போட்டுக்கினு வந்தோம்" என்றார் மனைவி.

எங்கள் வீட்டிலும் கை பிசகினால் அதைத்தான் போடுவோம். தானாக உதிரும்வரை யாரும் கை வைக்க மாட்டோம். எனக்கும் எடுக்க மனம் வரவில்லை. பற்றின் மேலாகவே அழுத்திப் பார்த்துவிட்டு, ஏ என்று எழுதினேன். மறுநாள் காலை பெல்ட் போட்டு உட்கார வைக்கலாம் என்று குறித்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் முந்துவதற்குள் போட்டேன். அந்த அவசரம் எனக்கு.

சாயங்காலம் அவள் வார்டுக்குப் போனாள். அவளுக்கு அந்தப் பற்று என்னவென்றே தெரியாது. வெந்நீரில் துணியை நனைத்து, ஊறவைத்து, பொறுமையாக எடுத்தாள். அடியில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இங்கே விரலை வை" என்றாள். இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே என் விரல் உள்ளே பதிந்தது. "பி என்று நினைக்கிறேன்" என்றாள், குரலில் துளிக் கர்வம் இல்லாமல். அதுதான் இன்னும் எரிந்தது.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நின்று, அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏ என்றால் நோயாளிக்கும் நல்லதுதானே என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். பொய். என் விரலுக்கு அப்போதே தெரியும்.

நார் அறுந்திருந்தது. காலையில் நான் உட்கார வைக்கவிருந்த மனிதருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பேராசிரியர் என்னைத் திட்டக்கூட இல்லை. கேஸ் ஷீட்டில் என் ஏ-யை அடித்து பி என்று எழுதிவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

வீட்டுக்குப் போகும் நாளில் நோயாளி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். மனைவி என்னிடம் வந்து கும்பிட்டார். "நீ இல்லாங்காட்டி எங்க ஊட்டுக்காரரு படுத்த படுக்கையா பூட்டிருப்பாரு. எல்லாம் உன்னாலதான் நைனா."

பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

"தேங்க்ஸ் சொல்கிறார்" என்றேன் தெலுங்கில். யாருக்கு என்று சொல்லவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே அந்த அம்மாவுக்குக் கை கூப்பினாள். மூன்று வருடத்தில் அவளை நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான்.