கணக்கில் சேராத பந்துகள்

பதினொரு நொடி மட்டும் ஓடும் அந்தக் காணொளியை இன்னும் அழிக்கவில்லை. என் நான்கு வயது மகள் தவறித் தொட்டுவிடாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். பென்னலூர்ப் பக்கத்துப் புழுதி மைதானத்தில், கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் காலைத் தூக்கி, உடலைச் சுழற்றிப் பந்தை எறிகிறாள். பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. மட்டையோடு நிற்கும் கொரிய அதிகாரி பின்வாங்குவதுதான் தெரிகிறது. எடுத்தது நான். எல்லோரும் பார்க்கும்படி போட்டதும் நான்.

அப்போது நான் ஒரு கொரியத் தொழிற்சாலையில் லைன் லீடர். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் என் லைனில் வேலை செய்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண். ஊரில் ஆடு திருப்பக் கல்லெறிந்து பழகிய கை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொரிய அதிகாரிகள் பேஸ்பால் ஆடுவார்கள். வேடிக்கை பார்க்கப்போன அவள், எல்லைக்கு வெளியே வந்த பந்தை எடுத்து எறிந்த வேகத்தைப் பார்த்து அவளையே பந்து வீச வைத்தார்கள். எங்கள் மேலாளர் மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: ஒரு நாளைக்கு நாற்பது பந்து, பிறகு நான்கு நாள் ஓய்வு, மீறினால் தோள் போய்விடும். எண்ணும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். நாற்பதாவது பந்தோடு அவளை இழுத்து வந்துவிடுவேன்.

காணொளி பரவியதும் சேனல்காரர்கள் வந்தார்கள். ‘கொரியாக்காரர்களை அலறவிட்ட தமிழச்சி’ என்றார்கள். யாரும் அளக்காத வேகத்தை ஒருவர் சொன்னார். அடுத்தவர் அதைக் கூட்டிச் சொன்னார். ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து அவர்களை வரச் சொன்னவள் நான்தான். பெருமையாக இருந்தது. “ஒரே ஒரு பால் சிஸ்டர், ஃபுல் ஸ்பீடுல” என்பார்கள். வெயில் எதிரே விழுகிறது, குறுக்கே வண்டி போய்விட்டது என்று அந்த ஒன்று இருபதாகும். அவற்றை நான் எண்ணவில்லை. லைனில் சோதனை ஓட்டத்தில் வரும் பாகங்களை உற்பத்தியில் சேர்க்க மாட்டோம். ஆட்டத்தில் வீசுவதுதான் கணக்கு என்று அதே பழக்கத்தில் இருந்துவிட்டேன்.

மாநிலப் பேஸ்பால் அணித் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அந்த வாரம் பேருந்தில் அவள் இடது கையால் கம்பியைப் பிடிப்பதைப் பார்த்தேன்.

“இன்னாடி, ஸ்டாரம்மா இப்பல்லாம் லெஃப்ட் ஹேண்டா?” என்று பக்கத்து இருக்கைக்காரி சீண்டினாள்.

“உன் கன்னத்துக்கு ரைட்ட பத்திரமா வச்சிருக்கேன்” என்று அவள் சிரித்தாள். இறங்கும்போது என்னிடம் மட்டும், “தோளு லேசாப் பிடிச்சிருக்குக்கா” என்றாள்.

தேர்வுக்கு முதல் நாளும் ஒரு சேனல் வந்தது.

“வேணான்னு சொல்லிடட்டா?” என்றேன்.

“பாவம்க்கா, மெட்ராஸ்லருந்து வந்திருக்காக.”

நானே அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்; அன்றும் அந்த ஒன்று இருபதானது. மறுநாள் தேர்வில், மூன்றாவது பந்தை எறிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று படம் பிடிக்க ஒருவரும் வந்திருக்கவில்லை.

இப்போது அவள் வாலாஜாபாத்தில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். மேல் தட்டுத் துணியை வேறு யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். போன வாரம் ஒரு சேனல்காரர் என்னை அழைத்து, ‘அந்தப் பெண் இப்போது எங்கே’ என்று நிகழ்ச்சி செய்வதாகச் சொன்னார். தெரியாது என்றேன். மறைத்தது சரிதானா என்று நான்கு நாள் மனசு அடித்துக்கொண்டது. ஞாயிறன்று என் மகளைப் பார்க்க வந்தவள், அவர்கள் தன்னைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள்.

“நாளைக்கு வாராகக்கா. ஒரு பந்துதான கேக்காக.”

“கையத் தூக்கு, பாக்கலாம்.”

தோள் மட்டம்வரை வந்து கை நின்றது. நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் அவள் எதிரிலேயே போன வாரம் பேசிய சேனல்காரரை அழைத்து, யாரும் வர வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

அவள் என் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள்.

“அன்னைக்கு இத சொல்லியிருக்கலாம்லக்கா” என்றாள்.

வாசல்வரை கூடப் போனேன். நான் மறுத்த பிறகும் நாளைக்கு அவர்களை வரச் சொல்வாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.