மாப்பிள்ளை இல்லாத இத்தாலி

நீர்வேலியில் ஒரு பெண்பிள்ளை ஜேர்மன் வகுப்புக்குப் போனால் ஜேர்மனியில் மாப்பிள்ளை. பிரெஞ்சு வகுப்புக்குப் போனால் பாரிஸில் மாப்பிள்ளை. இதற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. ஆகவே தம்பிராசாவின் மகள் சிவகௌரி தெற்கே பல்கலைக்கழகத்தில் இத்தாலி மொழி படிக்கிறாள் என்றதும், ஊர் ஒரே நாளில் அவளுக்கு இத்தாலியில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டது. அவனுடைய உயரமும் சம்பளமும்கூடச் சிலருக்குத் தெரிந்திருந்தன. தகப்பனுக்குத்தான் தெரியவில்லை.

தம்பிராசா வாழைத்தோட்டக்காரர். அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மகள் சும்மா ஆசைக்குப் படிக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ" என்று மனைவி குணலட்சுமியும் விட்டுவிட்டாள்.

சிவகௌரியோ முதலாம் ஆண்டில் அந்த மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் போய் இருந்தவள். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். இரண்டாம் ஆண்டில் உரோமர் கதையும் ஓவியங்களும் படித்தாள். மூன்றாம் ஆண்டில் அந்த நாட்டின் வரலாற்றில் விழுந்து எழும்பவேயில்லை. நாலாம் ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்தது, நூறு வருடத்துக்கு முன் கப்பலேறி அமெரிக்கா போன தென் இத்தாலி ஏழைகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். எழுத்து ஒவ்வொன்றும் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதை வாசித்துப் பழகவே எட்டு மாதம் போனது.

"எங்கடை ஆக்கள் கனடாவிலையிருந்து எழுதின மாதிரித்தான் அப்பா. காசு அனுப்பிறன், அம்மாவுக்கு மருந்து எடுங்கோ, அடுத்த வரியம் வாறன். ஆனா வரமாட்டினம்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். தம்பிராசா ஓம் என்றார். குலைக்கு முட்டுக்கொடுக்கும் யோசனையில் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த மார்கழியில் தரகர் முத்துக்குமாரு உண்மையாகவே ஓர் இத்தாலி மாப்பிள்ளையின் சாதகத்தோடு வந்து நின்றார். கோப்பாய்ப் பெடியன், பெயர் பிரவீணன், பலெர்மோ நகரில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் எட்டு வருடம் வேலை. தாய் தங்கமுத்துவும் அங்கே பதினெட்டு வருடம் ஒரு கிழவியின் வீட்டில் வேலைசெய்து, இரண்டு வருடத்துக்கு முன் ஊர் திரும்பியவள். சாதகம் பொருந்தியது. ஒரேயொரு நிபந்தனை: தை மாதமே கலியாண எழுத்து, பங்குனியில் பயணம். பிரவீணனுக்கு அதற்குமேல் லீவு இல்லை.

"எனக்கு ஆனியிலைதான் அப்பா ஆய்வு குடுக்கிறது" என்றாள் சிவகௌரி. "இப்ப விட்டால் நாலு வரியமும் தண்ணியிலை."

"அங்கை போயும் படிக்கலாம்தானே பிள்ளை."

"அங்கை போனால் படிக்க விடுவினமோ, சமைக்க விடுவினமோ?"

அவள் கேட்டது நியாயம் என்று தம்பிராசாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் நல்ல இடம் கையை விட்டுப் போகுமே என்ற பயத்தில் தரகரிடம் முக்கால்வாசி வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் அன்றிலிருந்து அவரோடு கதைக்கவில்லை.

பொம்பிளை பார்க்க வந்த அன்று விறாந்தையில் கதிரைகள் நிறைந்தன. பயத்தம் பணியாரம் போய், தேத்தண்ணி வந்த பிறகு, தங்கமுத்து கைப்பையைத் திறந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். பெண்ணுக்குப் பரீட்சையாக்கும் என்று தரகர் சிரித்தார். தங்கமுத்து சிரிக்கவில்லை.

"பிள்ளை, இதை வாசிக்கேலுமோ? நான் ஊருக்கு வந்த பிறகு அந்தக் கிழவி தபாலிலை போட்டது. எனக்கும் மகனுக்கும் கதைக்கத்தான் தெரியும், உந்தக் கையெழுத்து விளங்கேல்லை. ஏதும் சாமான் களவு போயிட்டுதெண்டு எழுதியிருக்கிறாவோ எண்டு ஒருத்தரிட்டையும் காட்டப் பயம்."

சிவகௌரி கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். முதலில் மெதுவாக, பிறகு தடையில்லாமல், இத்தாலி மொழியிலேயே வாசித்தாள். நாலு வருடத்தில் தம்பிராசா அந்த மொழியை மகளின் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல்தடவை. தேத்தண்ணிக் கோப்பையை வைக்கவும் மறந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் தமிழில் சொன்னாள். "களவு இல்லை அன்ரி. 'பதினெட்டு வருசம் உன்னை மரியா எண்டு கூப்பிட்டன். உன்ரை பேர் எனக்குச் சொல்லக் கஷ்டமெண்டு நானே வைச்ச பேர். நீ ஒருநாளும் மறுத்துக் கதைக்கேல்லை. நீ போனபிறகுதான் உன்ரை பேரை ஒரு கடதாசியிலை தேடி எடுத்து, தனிய இருந்து சொல்லிப் பழகினன். தங்கமுத்து, என்னை மன்னிச்சுக்கொள்.' இவ்வளவுதான் எழுதியிருக்கு."

தங்கமுத்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரே நகரில் இருந்தும், தாய்க்கு அந்த வீட்டில் வேறு பெயர் இருந்ததைப் பிரவீணன் அன்றுதான் அறிந்தான். அவன் தலை குனிந்திருந்தது.

தம்பிராசா கோப்பையைக் கீழே வைத்தார். இந்தப் படிப்பைச் சொல்லவா நாலு வருடம் வெட்கப்பட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. எழும்பி நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கோணும். தையிலை எழுத்து இல்லை. என்ரை பிள்ளை மாப்பிள்ளைக்காகப் படிக்கேல்லை, படிக்க ஆசைப்பட்டுப் படிச்சவள். ஆனியிலை படிப்பை முடிப்பாள்."

தரகர் பதறி, "அண்ணை, வாக்குத் தந்தனீங்கள்" என்றார்.

"தந்தது பிழை" என்றார் தம்பிராசா.

தங்கமுத்து கண்ணைத் துடைத்தாள். "அண்ணை சொல்லுறது சரி. நாங்கள் பொறுக்கிறம். படிச்சு முடிச்சாப்போலை பிள்ளையை எங்களுக்குத் தருவியளோ?"

விறாந்தை முழுவதும் தம்பிராசாவின் வாயைப் பார்த்தது. அவரோ மகளைப் பார்த்தார்.

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ. அவளைக் கேளுங்கோ."