நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கழித்தல் குறி

ஓரங்களில் கறுப்பு மை தடவிய கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. மகன் பேகம்பேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாரதா அம்மா சென்னையில் தம்பி வீட்டில் இறந்துவிட்டார். படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் மாலைவரை எனக்கு அவர் உயிரோடு இருந்திருப்பார். சொல்லிக் கொடுத்தவரும் அவரேதான்.

ஹைதராபாத் உப்பலில் அவர் எங்கள் எதிர்வீடு. அவர் பாதுகாப்புத் துறையில் விஞ்ஞானியாக இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பதினாறு வருடம் போட்ட கணக்கு பலருக்குத் தெரியாது. உலகத்தில் நான்கு விசைகளாம். கீழே இழுப்பது ஒன்று, மின்சாரமும் காந்தமும் ஒன்று, அணுவுக்குள் கட்டிப் பிடிப்பது ஒன்று, அணுவைச் சிதைப்பது ஒன்று. நான்கும் ஒன்றே என்று காட்ட வேண்டும்.

“நாலு மருமகளுக்கும் ஒரே அடுப்பாம்மா?” என்றேன்.

“மூணு பேர் எப்படியோ ஒத்து வர்றாங்க முத்தையா. கீழே இழுக்கிறவதான் முறைச்சுக்கிட்டு நிக்கிறா.”

சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கியது. நோட்டைப் படித்துக் காட்ட வந்த சாஃப்ட்வேர் பிள்ளைகள் வேகமாகப் படித்து வரிகளைத் தாவினார்கள். நிதானமாகப் படிக்க ஒருவர் வேண்டும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். பாலாநகர் தொழிற்சாலையில் மெஷின் துடைத்து ஓய்வு பெற்ற எனக்கு அறுபத்தெட்டு வயதில் எழுத்து வந்தது இப்படித்தான். முதலில் தமிழ், பிறகு அவர் கணக்கு. அதிலிருந்த கிரேக்க எழுத்துகளுக்கு மீன், சூலம், கொக்கி என்று நானே பெயர் வைத்தேன். அவரும் “சூலத்துக்கு மேலே என்ன?” என்றே கேட்பார்.

ஒருநாள் நான்கும் சேர்ந்துவிட்டன. அடுத்த வாரம் வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகப் படிக்கும்போது, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மீனுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறி அடுத்த பக்கத்தில் இல்லை. தப்பு என் கண்ணில்தான் என்று இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு சொன்னேன். மூன்று முறை படிக்கச் சொன்னார்.

“அந்தக் குறி விட்டுப்போனதாலதான் நாலும் சேர்ந்திருக்கு” என்றார்.

அவர் தம்பி மகன் போனில், “யார் பார்க்கப் போறாங்க அத்தை, அனுப்பிடுங்க” என்றான்.

“நக்கோடா, வேண்டாம். ஒத்து வராததை ஒத்து வந்ததா எழுதக் கூடாது.”

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் “இங்கே பிழை. கண்டவர் முத்தையா” என்று என்னையே எழுத வைத்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவரே வந்து கதவைத் தட்டினார்.

“மணி ஒன்பதாச்சு. அந்த மீன்லேர்ந்து ஆரம்பிங்க.”

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தப்பாக எழுதிய இரண்டு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. சந்தோஷமாகவே கிழித்தேன்.