ரிஸ்லா தேர்ந்த மலைகளும் நான் தேர்ந்த ஒன்றும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ரிஸ்லாமேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் அல்ல, வயிறு எரிகிற பொறாமை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வந்தால், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

எங்கள் கிழக்குக் கரை நகரத்தில், ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கும் ஓர் அரச அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஊர் நிலாவெளி, பெயர் யசோதரா. அவளுக்கு நாற்பது, கிண்ணியா. கணவர் றஊப் அங்கே பலகை விற்கும் மரக்காலை வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். கட்டையான உருவம், அபாயாவுக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து. பார்த்தால் மலை ஏறுகிற ஆள் என்று சொல்லமாட்டீர்கள்.

இந்த அலுவலகத்துக்கு மலையைக் காட்டியது நான். ஏழு வருடத்துக்கு முன்னர், பௌர்ணமிப் போயா லீவில் வாடகைக்கு வான் பிடித்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். வருடம் முழுக்க வியர்த்துக் கொட்டுகிற எங்களுக்கு அந்தக் குளிர் தலைக்கேறிவிட்டது. நாலு பேர் பத்துப் பேரானோம். ஃபேஸ்புக்கில் நல்ல படம் கண்டால் அந்த மலையைச் சொல்வேன், போவோம். சிலவேளை பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஒருமுறை தலைமை எழுதுவினைஞர் யோகராசா அண்ணனின் புதுச் சப்பாத்து கடித்து, பாதி வழியில் வெறுங்காலோடு இறங்கினார். அதனால் என்ன? "யசோ எங்கை சொன்னாலும் போவம்" என்பார்கள். அந்தச் சொல்லுக்காகவே நான் சம்பலும் இடியப்பமும் விடிய மூன்று மணிக்கு எழுந்து கட்டினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ரிஸ்லா மாற்றலாகி வந்தாள். அவளது முதல் நியமனம் மலைநாட்டு மாத்தளையில். அதற்காக மலை என்ன அவளுடைய தாய் வீடா? வந்த முதல் பயணத்திலேயே கேள்வி கேட்கத் தொடங்கினாள். "நம்மள்ல ஆக மெதுவா நடக்கிற ஆள் யாரு? அவருக்கு ஏலுமான பாதையப் பாப்பம்." போவதற்கு இரண்டு கிழமை முன்னரே, மாலையில் கந்தோர் விட்டதும், மலைக்குப் போடப்போகிற அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, முதுகில் இரண்டு போத்தல் தண்ணீருடன் எங்களை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறி இறங்க வைத்தாள். புதுச் சப்பாத்துக்குத் தடை. அட்டை கடிக்காமல் காலுறையில் சவர்க்காரம் தேய்க்கப் பழக்கினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, உச்சி கண்முன் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் சட்டம். புறப்படுவதற்கு முதல் நாள் அந்த மலையடித் தேநீர்க் கடைக்காரருக்குச் சிங்களத்தில் போன் பண்ணி, மேகம் எப்படி, வழி எப்படி என்று விசாரிப்பாள்.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் கால் கடிக்கவில்லை. ஒரு பயணமும் பிழையாகப் போகவில்லை. "ரிஸ்லா, அடுத்தது எங்கை?" என்று யோகராசா அண்ணன் என் மேசையைத் தாண்டிப் போய்க் கேட்டார். என் மேசையைத் தாண்டி! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருட ஜூலைப் போயாவுக்கு நான் விடவில்லை. "இந்த முறை நான் தெரிவு செய்யிறன்," என்று எல்லோர் முன்னும் சொன்னேன். நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவில் ஒரு முகடு. படத்தில் பார்த்தால் சொர்க்கம். இதில் நான் வென்றால் பழையபடி என் மேசைக்கு வருவார்கள், பிழையாகிப் போனால் இனி வாயே திறக்க ஏலாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ரிஸ்லா என்னைத் தனியாகக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

"அக்கா, இப்ப கச்சான் காத்து, மேக்கால அடிக்குது. நமக்குக் காய்ஞ்சு அடிக்கிற இதே காத்துதான் அந்தப் பக்கத்துல மழையக் கொட்டிட்டு வருது. பதுளைப் பக்கம் போவமா? அங்க இப்ப வெயில்."

"கச்சான் அடிக்கேக்கை மழையோ? இந்த ஊரிலை பிறந்து வளந்தனான். எனக்குக் காத்துப் படிப்பிக்கிறீரோ?"

அவள் கோப்பையைக் கழுவத் திரும்பிவிட்டாள். வெளியே அனல் காற்றில் சன்னல் அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் காலத்தில் குடை எடுக்கிறவன் இந்த ஊரில் பைத்தியக்காரன். "தொப்பியும் தண்ணியும் காணும், குடை வேண்டாம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

மாத்தளை தாண்டி ஏறத் தொடங்கியதும் வானின் கண்ணாடி நனைந்தது. மலையடியில் கதவைத் திறந்தபோது மழை முகத்தில் அறைந்தது. பத்துப் பேர், பத்துத் தொப்பி. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை. யோகராசா அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, என்ன செய்யிறது" என்றார். செத்துப்போகலாம் போல இருந்தது.

ரிஸ்லா என் கையைப் பிடித்து வானின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய பழைய கோதுமைமாப் பை ஒன்று கிடந்தது. உள்ளே பத்து பிளாஸ்ரிக் மழைக்கோட்டுகள்.

"நீங்க குடுங்க அக்கா. நீங்க கொண்டுவந்ததாவே இருக்கட்டும். நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

கொடுத்தேன். வெட்கமில்லாமல் கொடுத்தேன். "அட, யசோ யோசிச்சுத்தான் வந்திருக்கிறா!" என்று ஆரவாரம். பாதி வழிவரை ஏறினோம். மேகத்துக்குள் நடந்தோம், சிரித்தோம், அட்டையைப் பிடுங்கினோம், பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். இறங்கி மலையடிக் கடையில் சுடச்சுடப் பால் விடாத பிளேன்ரீ குடிக்கும்போது யோகராசா அண்ணன் எழுந்தார்.

"தங்கச்சி, மழையிலையும் இப்பிடி ஒரு பயணம் நான் போகேல்லை. இனிப் பழையபடி நீங்களே தெரிவு செய்யுங்கோ."

முதலில் கை தட்டியது ரிஸ்லா.

மூன்று வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டதும் இனித்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு முழுக்க அவள் தந்த கோட்டு. பெயரும் அவள் தந்தது. என்னைத் தோற்கடித்தது போதாதென்று, வெற்றியையும் அவளே பொட்டலம் கட்டித் தருகிறாளா? எனக்குக் கொதி வந்துவிட்டது.

"நான் கொண்டுவரேல்லை. ரிஸ்லாதான் கொண்டுவந்தவ," என்றேன். "மழை வருமெண்டும் அவ சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

யோகராசா அண்ணன், "பெரிய மனசு, தங்கச்சி," என்றார். பெரிய மனசாம்! அவள் பிச்சையில் நிற்க ஏலாமல் கொட்டியது அவருக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் ரிஸ்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த மலை எது என்று அவளிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன் அக்கா சொன்னீங்க? நான் வந்த நாளில இருந்து நீங்க என்னோட சிரிச்சுக் கதைச்சதில்ல. இண்டைக்கு மழையில நடக்கக்குள்ளதான் சிரிச்சீங்க. அதுவும் பொறுக்கலியா?"

சொல்லும்போதே அவள் கண் நிரம்பிவிட்டது. எப்போதும் கலங்காத இந்த முகம் ஒருநாளாவது வாடாதா என்று மூன்று வருடம் காத்திருந்தவள் நான். இதோ, என் முன்னால் வாடி நிற்கிறது. எனக்குப் பார்க்க ஏலவில்லை.